கோப்பி போன மலை

இலங்கை மலையகத்தில் நான் பிறந்த தோட்டத்து லயத்தைச் சுற்றித் தேயிலைதான். கோப்பிக் காலத்தைப் பாட்டி சொல்லித்தான் தெரியும். அது அவள் தன் பாட்டியிடம் கேட்டது.

1869இல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. விளைச்சல் குறைந்தது. துரைமார் மேலும் காட்டை வெட்டி மேலும் கோப்பியே நட்டார்கள். விலை ஏறியிருந்ததால் பல வருசம் அந்த முடிவு சரியாகவே தெரிந்தது. 1880இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்டு, பசை தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, அந்தத் தூள் ஒரு பூஞ்சையின் வித்துகள், அவை காற்றில் பறக்கின்றன என்று காட்டினார். மறிக்க மரமில்லை, மலைக்கு மலை ஒரே பயிர். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கோப்பிக்குப் பதிலாகக் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தை நட்டார்கள். எல்லோரும் நட்டதால் விலை விழுந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் துரை 1867இலேயே 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலைதான் கடைசியில் காப்பாற்றியது. ஆனால் மறுபடியும் மலை முழுக்க ஒரே பயிர். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கோப்பிப் பழம் பருவத்துக்குத்தான் வரும். தேயிலைக் கொழுந்து வருசம் முழுக்க வரும். கோப்பிப் பருவத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார்க் காட்டுவழி நடந்து வந்து திரும்பிய எங்கள் சனம் அப்படித்தான் லயத்தில் தங்கிப்போனது.

லயத்துப் பின்புறம் ஒரு கோப்பிச் செடி நின்றது. பாட்டி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பழம் பறிப்பாள்.