ஓய்வு மறுக்கப்பட்ட உடல்



பெண்கள் போதிய உடற்பயிற்சி செய்வதில்லை என்று நாளேடுகள் எழுதுகின்றன. எந்தப் பெண்கள் என்று கேட்டால்தான் நம் வரலாறு தொடங்கும். நாற்றுப் பறிக்கவும் நடவு நடவும் களையெடுக்கவும் நாளெல்லாம் குனிந்து நின்ற சேரிப் பெண்ணுக்கு உடலசைவு குறையவில்லை. ஓய்வும் வயிறாரச் சோறும் கைக்கெட்டும் மருத்துவமும்தான் குறைந்தன.

1928இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்தில் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன் சார்ந்தது, அதன் செலவை அரசும் ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929இல் சட்டம் வந்தது; ஆனால் அது ஆலைப் பெண்களுக்கானது. சுதந்திர இந்தியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் ஆலை, சுரங்கம், தோட்டம் என்றுதான் தொடங்கியது. வயல் வெளியே நின்றது.

இச்சட்டங்களில் சாதியின் பெயர் இல்லை. ஆனால் கீழத்தஞ்சையில் நிலமற்ற கூலிகளில் பெரும்பாலோர் தலித்துகள். அங்கே வயலை விட்டுவிடுவது யாரை விட்டுவிடுவது? தலித் என்பதால் நிலமில்லை. பெண் என்பதால் குறைந்த கூலி. வயற்கூலி என்பதால் பேறுகால விடுப்பில்லை. மூன்று சுமையும் ஒரே முதுகில். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் வழக்குகளை ஆராய்ந்து கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இதற்கொரு கோட்பாட்டுப் பெயர் தந்தார். பெயர் வருமுன்பே நம் பாட்டிமார் சுமையை அறிந்திருந்தார்கள்.

அந்த உடல் மைதானத்துக்கு வந்தால் என்ன ஆகும்? புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். சூளையில் கல் சுமக்கும் பெண்ணின் உடலை யாரும் பரிசோதிப்பதில்லை. வென்ற பிறகுதான் அது சந்தேகத்துக்குரியதாகிறது.

இந்தியாவில் தலித் பெண், ஆதிக்கச் சாதிப் பெண்ணைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறாள் என்கிறது ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018 அறிக்கை. மோசமான சுகாதார வசதியும் போதாத மருத்துவமும் அதில் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. காலை நடைப்பயிற்சி இந்த ஆண்டுகளை மீட்டுத் தராது.

ஆகவே நம் கோரிக்கை மூன்று: வயலுக்கும் சூளைக்கும் கூலியோடு பேறுகால விடுப்பு, சேரிக்கு எட்டும் தூரத்தில் மருத்துவமனை, நம் பெண்பிள்ளைகள் அச்சமின்றி ஓட ஒரு பொது மைதானம். 1928இல் எழுந்த அந்தக் குரலுக்கு நாடு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை.