ரேடியோ நெல்

மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எப்படியும் நாலு பேர் எழுதுவார்கள். நான் காட்டூர்க்காரன், சரித்திர மாணவன். திருச்சி வானொலியைப் பற்றி எழுதுகிறேன்.

திருச்சி நிலையம் தொடங்கியது 1939 மே 16-ல். 1947-ல் சுதந்திர இந்தியாவின் பங்குக்கு வந்த நிலையங்கள் ஆறே ஆறு: டில்லி, பம்பாய், கல்கத்தா, லக்னோ, சென்னை, அப்புறம் நம்ம திருச்சி! ஆனால் அன்றைக்கு ரேடியோப் பெட்டி வாங்கி, வருஷா வருஷம் லைசென்ஸ் கட்ட எத்தனை பேரால் முடியும்? பஸ் போகாத கிராமங்களுக்கு அது பஞ்சாயத்து ரேடியோவாகத்தான் போய்ச் சேர்ந்தது.

இந்த நிலையம் என்ன செய்தது என்று கேட்டால் பலரும் கச்சேரிகளைச் சொல்வார்கள். நான் ஒரு நெல்லைச் சொல்வேன்.

ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில், ஜப்பானின் நோரின் ரகத்தையும் நம்ம ஜி.ஈ.பி. 24-ஐயும் கலந்து உருவாக்கியது ஏ.டி.டி. 27. சுமார் 105 நாளில் விளையும் குறுவை. 1966-ல் வானொலியில் பண்ணை ஒலிபரப்புக்கென்று தனிப் பிரிவுகள் வந்தன. திருச்சி நிலையம் இந்த நெல்லைக் கையில் எடுத்துக்கொண்டது. நாற்று எப்போது விடணும், உரம் எவ்வளவு போடணும், எல்லாம் சாயந்திர நேரத்தில் காதுக்கே வந்தது. தஞ்சாவூர் விவசாயிகள் ஏ.டி.டி. என்றெல்லாம் சொல்லவில்லை, ‘ரேடியோ நெல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். வானொலி பற்றிய ஆய்வுகளிலும் இந்தப் பேர் இடம் பிடித்தது.

பாபநாசத்துக்கு உள்ளே ஒரு கிராமத்தில் என் தாய்மாமா அதைப் பயிரிட்டார். அதிகாரி வந்து சொன்னால் அரை மனசாகக் கேட்பவர், ரேடியோ சொன்னால் நம்புவார். “அவன் நம்மகிட்ட கையெழுத்து கேக்கலியேடா” என்பார்.

காலாண்டு லீவில் நான் அங்கே போவேன். விளைச்சல் கண்டது உண்மை. ஆனால் அறுவடை சரியாக ஐப்பசி மழையில் மாட்டும். நனைந்த நெல் களத்திலேயே முளை விட்டுவிடும். மாமி அதை வீட்டுக்குள் பாய் விரித்துக் காயவைத்ததும், நாங்கள் பிள்ளைகள் படுக்க இடமில்லாமல் திண்ணைக்குப் போனதும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பஞ்சாயத்து ரேடியோ பாடினால் திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஒரு பக்கம், தெருக்கோடியில் நின்று கேட்டவர்கள் ஒரு பக்கம். நட்டதும் அறுத்ததும் தெருக்கோடிக்காரர்கள்தான். விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் பேசிய அந்தப் பெட்டி, அவர்கள் கூலியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறு முற்றிக் கிடந்த கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதில் அதிகம்.

அடுத்த குறுவைக்கும் மாமா ரேடியோ நெல்லைத்தான் விட்டார். அந்த வருஷம் கூலியைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்ததாக மாமி சொன்னாள். மாமாவிடம் கேட்டேன். “சும்மா இருடா, ரேடியோல செய்தி போகுது” என்றார்.