பூணித்துறையிலிருந்து முசிறி வரை

பிழைப்பின் பொருட்டுத் தாயகம் விட்டு வந்தோர் இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. "அப்பா, நமக்கு ஊர் எது?" என்பதே அது. திருப்பூணித்துறையில் குடியிருக்கும் நம் மகளும் அவ்வாறு வினவினாள். பிறந்த ஊர் திருநெல்வேலிச் சீமை என்றோம். "நான் பிறந்தது இங்கே அல்லவா?" என்றாள். நாம் வாயடைத்து நின்றோம்.

கோப்புகளிடையே காலம் கழிக்கும் நாம், இரு நாள் விடுப்பெடுத்து, ஸ்கூட்டரில் துணை எவருமின்றிக் கடற்கரை வழியே புறப்பட்டோம். விரைவு நம் நோக்கமன்று.

முதலில் மட்டாஞ்சேரி. 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடமும் கொங்கணியரின் திருமலைத் தேவசுவம் கோயிலும் குஜராத்தியர் தெருவும் அங்கே அண்டை அயலாக விளங்குகின்றன. கொச்சி மன்னருக்காகப் போர்த்துகீசியர் கட்டிய அரண்மனையைப் பின்னாளில் டச்சுக்காரர் புதுப்பித்தனர். இன்று அதன் பெயர் டச்சு அரண்மனை! கட்டியவர் ஒருவர், பெயர் கொண்டவர் மற்றொருவர்.

அங்கிருந்து கோட்டைக் கொச்சி சென்று, வெளி என்னும் பகுதியிலுள்ள சலவைக்கூடத்தை அடைந்தோம். டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழியினர் இங்கே தொழில் புரிகின்றனர் என்பது வழிவழிச் செய்தி. இன்றைய கூடம் 1976இல் அமைந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "சாருக்கு எந்த ஊர்?" எனத் தமிழில் வினவினார். கூறிவிட்டு, "ஐயாவுக்கு?" என்றோம். "இதே ஊர்தான், பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து" என்றார். அவர் குரலில் ஐயம் சிறிதுமில்லை.

ஜங்கார் ஏறி வைப்பின் தீவை அடைந்தோம். 1341இல் பெரியாற்றில் பெருகிய வெள்ளத்தால் முசிறித் துறை தூர்ந்து, கொச்சித் துறை ஆழம் பெற்று, இத்தீவு எழுந்தது என்பர். அதனை நினைவுறுத்தவே 'புதுவைப்பு' என்னும் ஆண்டுக் கணக்கும் தோன்றிற்று. வெள்ளம் ஒரு துறையை அழித்து மற்றொன்றை ஆக்கிய விந்தை இது!

செறாயி, பரவூர் வழியாகப் பட்டணம் சேர்ந்தோம். 2007 முதல் அங்கே நிகழ்ந்த அகழாய்வில் உரோமானிய மதுச்சாடி ஓடுகளும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த ஓடும் கிடைத்தன. இதுவே பண்டை முசிறி என்பது ஆய்வாளர் பலர் கருத்து. யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டுசென்றதை அகநானூற்றின் 149ஆம் பாடல் கூறும். முசிறியிலிருந்து சென்ற கப்பற்சரக்கு பற்றிய கி.பி. இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க ஏடொன்று வியன்னாவில் உள்ளது.

வடக்கே சில கல் தொலைவில் திருவஞ்சைக்களம். சேரமான் பெருமாளின் தோழர் சுந்தரர் தேவாரம் பாடிய தலம் அது. "இது நம் முன்னோர் மண்" என்று மார்தட்ட அங்கே நாவெழுந்தது. ஆயினும் பட்டணத்து ஓடுகள் நம்மைத் தடுத்தன. தமிழன் எழுதிய ஓடும் யவனன் கொணர்ந்த சாடியும் ஒரே மண்ணில் கலந்தன்றோ கிடந்தன? இக்கரை வந்தாரை ஏற்ற கரை. உரிமை கொண்டாடுவதற்கன்று, உழைத்து வாழ்வதற்கு உரிய கரை.

வீடு திரும்பியதும் சலவைக்கூடத்து முதியவரின் விடையை மகளிடம் கூறினோம். தமிழை இல்லத்தில் பேணுவோம். மலையாளத்தை மனமுவந்து கற்போம். அப்போது ஊர் எதுவெனக் கேட்போர்க்கு நம் மக்களும் தயங்காது விடை பகர்வர்.