கடல் அழிக்காத எண்

1944ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31ஆம் நாள் காலை எட்டே முக்கால் மணிக்குக் கோர்சிக்கா தீவின் போர்கோ விமானத்தளத்திலிருந்து ஒரு விமானம் தனியே எழுந்து பிரெஞ்சுக் கரையை நோக்கிச் சென்றது. அதை ஓட்டியவர் அந்துவான் து செந்த்-எக்சுபெரி. ‘குட்டி இளவரசன்’ என்னும் சிறுநூலின் வழியாகத் தமிழ் வாசகரும் நன்கறிந்த பிரெஞ்சு எழுத்தாளர். வயது நாற்பத்து நான்கு. அவ்வகை விமானத்துக்கென வகுத்திருந்த வயதெல்லையை அவர் எப்போதோ கடந்துவிட்டார். பழைய விபத்துகளில் பட்ட காயங்களால், பறப்பதற்குரிய உடையை அணியவும் பிறர் கைகொடுக்க வேண்டியிருந்தது. எனினும் மேலதிகாரிகளிடம் மன்றாடி வாய்ப்புப் பெற்றார். கிரெனோபிள், அன்னெசி பகுதிகளை வானிலிருந்து படமெடுத்து வருவதே அன்று அவருக்கிட்ட பணி. பிற்பகல் இரண்டரை மணிக்குமேல் எரிபொருள் இருந்திருக்க இயலாது. அவர் திரும்பவில்லை.

எங்கே வீழ்ந்தார் என்பதை அறிய அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அதை இறுதியில் சொன்னது சாட்சியும் அன்று, சடலமும் அன்று. ஒரு தகட்டில் பொறித்திருந்த நான்கு இலக்கங்களும் ஓர் எழுத்துமே.

அவர் ஓட்டியது அமெரிக்கரின் பி-38 என்னும் இரட்டைப் பொறிப் போர் விமானத்தின் ஒரு வடிவம். மூக்கிலிருந்த துப்பாக்கிகளை அகற்றி, அங்கே ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி, எப்-5பி என்று பெயரிட்டிருந்தனர். தற்காத்துக்கொள்ளப் படைக்கலம் எதுவும் அதில் இல்லை. உயரமும் வேகமும் மட்டுமே துணை.

போர்க்கால விமானங்களின் உடலில் குறிகளுக்குப் பஞ்சமில்லை. இறக்கையில் நாட்டின் சின்னம், வால்பகுதியில் படைப்பதிவு எண், பக்கவாட்டில் அணியின் அடையாளம், சில வேளைகளில் விமானி தன் விருப்பம்போல் எழுதுவித்த பெயரோ படமோ. தன் படையினர் தன்னைச் சுடாதிருக்கவும், தோழர் இனங்காணவும் எழுதப்பட்டவை அவை. பழைய ஒளிப்படங்களைக்கொண்டு ஒரு விமானத்தை அடையாளம் காண முயல்வோர் முதலில் இவற்றையே நாடுவர். ஆனால் இவை யாவும் வண்ணப்பூச்சு. ஐம்பத்தைந்து ஆண்டுகள் உப்புநீரில் கிடந்த அலுமினியத்தில் வண்ணத்தைத் தேடி என்ன பயன்?

தேடலும் நெடுங்காலம் தவறான திசையிலேயே நடந்தது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியிலிருந்து கோர்சிக்காவுக்குத் திரும்பும் வழியில் நீஸ் நகரை ஒட்டிய கடலில் வீழ்ந்திருப்பார் எனக் கருதி, 1992இல் அங்கே கடலடியைத் துழாவினர். ஒன்றும் அகப்படவில்லை.

1998 செப்டம்பரில் மார்செய் நகருக்குத் தெற்கே, ரியு தீவருகில் ஜான் குளோத் பியாங்கோ என்னும் மீனவரின் வலையில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி வந்தது. கறையைத் துடைத்தபோது எழுத்தாளரின் பெயரும், அவருடைய மனைவி கோன்சுவேலோவின் பெயரும், நியூயார்க் பதிப்பகத்தாரின் முகவரியும் தெரிந்தன. அவர் மகிழ்ந்திருக்க வேண்டிய நாள்கள் அவை. ஆனால் எதிர்பார்த்த வழித்தடத்துக்கு மேற்கே நெடுந்தொலைவில் அது கிடைத்ததால், பலர் நம்ப மறுத்தனர். போலியாகச் செய்துகொண்டு வந்தார் என்றும் பேசினர். கடலில் உழைத்துண்ணும் ஒருவர், தாம் தேடாத ஒன்று கைக்கு வந்ததற்காகப் பொய்யர் எனப் பெயரெடுக்க நேர்ந்தது. கற்றோர் சிலருடைய ஐயம் எளியோரிடம் மட்டும் ஏன் இவ்வளவு விரைவில் எழுகிறதோ, நாமறியோம்.

ஐயுறுவதும் முறையே என்பதை நாம் மறுக்கவில்லை. சங்கிலி கையோடு வருவது. எங்கும் கழன்று விழலாம். விமானமே சாட்சி சொல்லவேண்டும்.

மார்செயில் வாழ்ந்த மூழ்குநர் லுக் வான்ரெல், ரியு தீவருகே விமானச் சிதைவுகள் கிடப்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார். சங்கிலிச் செய்தி வந்தபின் அவற்றை மீண்டும் கருத்தோடு பார்த்து, 2000ஆம் ஆண்டு மே திங்களில் அரசுக்கு அறிவித்தார். ஏறத்தாழ எண்பது மீட்டர் ஆழத்தில், நெடும்பரப்பில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது ஒரு பி-38. அக்கரையை ஒட்டி வீழ்ந்த பி-38 ஒன்றிரண்டல்ல. எனவே முதலில் சக்கரத் தாங்கி போன்ற உறுப்புகளின் அமைப்பைக்கொண்டு பிற்கால வடிவம் என்று தெளிந்தனர். ‘இவ்வகை’ என்பது வேறு, ‘இதுவே’ என்பது வேறு. இடையிலுள்ள இடைவெளியைக் கடக்கச் சிதைவுகளை மேலே கொணரவேண்டும். எழுத்தாளரின் குடும்பத்தார் அதனை விரும்பவில்லை. மாண்டவரைக் கடலிலேயே விட்டுவிடுங்கள் என்பது அவர்களது மனம். அந்த மனத்தை நாம் குறைகூற மாட்டோம். மூன்றாண்டுகள் கழித்து, 2003இல்தான் அனுமதியோடு சில பகுதிகள் மேலே எடுக்கப்பட்டன.

இடப்புறத்துச் சுழலழுத்தியை மூடியிருந்த தகடொன்றைத் தூய்மை செய்தபோது ‘2734 எல்’ என்ற பொறிப்பு வெளிப்பட்டது. விமான வரலாற்றை ஆராய்ந்துவந்த பிலிப் காஸ்தெலானோ முதலியோர் அதன் பொருளைத் துருவிக் கண்டனர். 2734 என்பது கலிபோர்னியாவின் லாக்ஹீட் தொழிற்சாலை அவ்விமானத்துக்கு இட்ட உற்பத்தி எண். ‘எல்’ என்பது இடப்பக்கம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அவ்வுற்பத்தி எண்ணுக்கு அமெரிக்கப் படைப்பதிவேட்டில் நேராக நின்ற எண் 42-68223. அந்த எண்ணுடைய விமானமே 1944 ஜூலை 31 அன்று செந்த்-எக்சுபெரியோடு காணாமற்போனது. 2004 ஏப்ரலில் பிரெஞ்சு அரசின் கடலடித் தொல்லியல் துறை இதனை உறுதிசெய்து அறிவித்தது. மீனவரின் வாய்மையும் அன்று நிலைநின்றது.

அந்த எண்ணைப் பொறித்த தொழிலாளியை நாம் எண்ணிப் பார்க்கிறோம். அவர் வரலாற்றுக்காகப் பொறிக்கவில்லை. ஒரு விமானத்தின் தகடு மற்றொன்றுக்குப் போய்விடாதிருக்க, இடப்பக்கத்தது வலப்பக்கம் மாட்டப்படாதிருக்கப் பொறித்தார். பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டும்போதும் நமக்கு இவ்வெண்ணம் எழுவதுண்டு. எவரையும் வியக்கவைக்க எழுதப்படாத வரிகளே ஐயமின்றி நம்பத்தக்கவையாய் நிற்கின்றன.

ஆனால் அந்த எண் சொன்னது எந்த விமானம் என்பதை மட்டுமே. ஏன் வீழ்ந்தது என்று அது சொல்லவில்லை. மீட்கப்பட்டவை ஒரு சிறு பகுதியே. அவற்றில் குண்டுத் துளைகள் காணப்படவில்லை. உயிர்க்காற்றுக் கருவி பழுதுற்றதா, உடல் தளர்ந்ததா, தாமே வீழ்ந்தாரா என்று பலர் பலவாறு எழுதினர். அவர் இறுதிநாள்களில் மனச்சோர்வோடு இருந்தார் என்பது உண்மை. அதைக்கொண்டு ஒருவரது சாவுக்குத் தீர்ப்பெழுதுவது துணிவு என்றே நமக்குத் தோன்றுகிறது. 2008இல் ஹோர்ஸ்ட் ரிப்பர்ட் என்னும் முன்னாள் ஜெர்மானிய விமானி, அவரைச் சுட்டுவீழ்த்தியவன் நானே என்றார்; இளமையில் அவர் நூல்களை விரும்பிப் படித்ததாகவும், இன்னாரென அறிந்திருந்தால் சுட்டிருக்கமாட்டேன் என்றும் வருந்திக் கூறினார். ஆனால் அந்நாளைய ஜெர்மானியப் பதிவுகளில் அவ்வெற்றி குறிக்கப்படவில்லை. ஆய்வாளர் பலர் ஏற்கவுமில்லை. ரிப்பர்ட் 2013இல் இறந்தார். அவர் சொல்லுக்கு ஆதரவாகப் பேச, பொறித்த எண் எதுவும் இல்லை.

அவரை ஆய்வாளர்கள் தேடிச்சென்றதும் ஓர் எண்ணின் பின்னாலேதான். அதே கடற்பரப்பில், பி-38இன் சிதைவுகளுக்கிடையே, அதற்குப் பொருந்தாத பொறியொன்று கிடந்தது. ஜெர்மானியரின் டைம்லர்-பென்ஸ் பொறி அது. மெசர்ஷ்மிட் போர் விமானத்துக்குரியது. லினோ ஃபொன் கார்ட்சென் என்னும் ஜெர்மானிய மூழ்குநர் வான்ரெலோடு இணைந்து அதன் குறிகளைத் துலக்கி, பழைய விமானிகளை ஒவ்வொருவராய் விசாரித்து, உரியவரைக் கண்டறிந்தார். 1943 டிசம்பரில் அங்கே வீழ்ந்து மாண்ட இளைஞர் ஒருவர், பெயர் அலெக்சிஸ், பென்ட்ஹைம் ஸ்டைன்ஃபுர்ட் என்னும் அரச குடியினர், பிறப்பால் இளவரசர். எட்டுத் திங்கள் கழித்து, பகைநாட்டு விமானமொன்று அதே கடலடியில் அவரருகே வந்து சேர்ந்தது. அந்த விமானத்திலிருந்து மீட்ட பகுதிகள் பாரிசையடுத்த லெ பூர்ஜே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.