தாய்லாந்துப் பட்டை நெய்த முஸ்லிம்கள்

தாய்லாந்துப் பட்டு என்றதும் நாம் கேள்விப்படும் பெயர் ஜிம் தொம்சன் என்ற அமெரிக்கர்தான். அவர் விற்ற பட்டை நெய்தவர்கள் யார்?

பாங்கொக்கில் சென்செப் கால்வாய் ஓரமாக பான் குருவா என்ற முஸ்லிம் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ளவர்களின் மூதாதையர் சாம் இனத்தவர். முதலாம் ராமா மன்னருக்காகப் போரிட்டதால் அந்த நிலம் அவர்களுக்குக் கிடைத்தது. வீட்டுத் தறிகளில் பட்டு நெய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், தொழில் நலிந்திருந்தபோதுதான் தொம்சன் அவர்களைத் தேடி வந்தார். 1967இல் அவர் மலேசியாவில் காணாமற்போனார். மறுகரையிலுள்ள அவரது வீடு இன்று நூதனசாலை.

இக்கரையில், அதிவேகப் பாதைக்காகத் தங்கள் வீடுகளை உடைக்க வந்த திட்டத்தை எதிர்த்து மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். குடியிருப்பு தப்பியது. தறிச் சத்தம் மட்டும் இப்போது ஓரிரு வீடுகளில்தான்.

விற்றவர் பெயர் நிலைத்துவிட்டது. நெய்தவர்களையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.