எமன் தபால்காரன் ஆன கதை



ரத்தம் உறைவதற்கு நம் உடம்பில் பல புரதங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. அதில் ஃபேக்டர் எட்டு என்ற புரதம் குறைந்தால் ஹீமோபீலியா ஏ. பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்கு வரும். அய்யனார் கோவில் ஆற்றுப் பாறையில் வழுக்கினால் நமக்குச் சிராய்ப்போடு போகும். அவர்களுக்கு மூட்டுக்குள் ரத்தம் கசிந்து முட்டி வீங்கிவிடும். என்னிடம் படித்த ஒரு பையன் கரையிலேயே உட்கார்ந்து எங்கள் செருப்புக்குக் காவல் இருப்பான்.

1964இல் அமெரிக்காவில் ஜூடித் பூல் என்ற அம்மையார், உறைந்த பிளாஸ்மாவை மெதுவாக உருக்கினால் தங்கும் வண்டலில் ஃபேக்டர் எட்டு இருப்பதைக் காட்டினார். பிறகு ஆயிரக்கணக்கானோர் ரத்தத்தைக் கலந்து மருந்து செய்தார்கள். ஒருவருக்குக் கிருமி இருந்தாலும் போதும், மருந்தே விஷம். 1980களில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஹீமோபீலியா நோயாளிகளுக்கு அப்படித்தான் எச்.ஐ.வி. தொற்றியது.

1984இல் இந்தப் புரதத்தின் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஹாம்ஸ்டர் என்ற எலி வகையின் செல்லில் வைத்து, ரத்த தானமே இல்லாமல் புரதத்தைத் தயாரித்தார்கள். 1992இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஆனால் விலை அதிகம், வாழ்நாள் முழுக்க ஊசி.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் முதலில் தெரிந்தது.

அதே சி.எம்.சி.யில் டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், எச்.ஐ.வி. சேர்ந்த லென்டிவைரஸ் குடும்பத்திலிருந்து நோய் உண்டாக்கும் பகுதிகளை நீக்கி உருவாக்கிய வைரஸை வாகனமாக்கினார்கள். நோயாளியின் ரத்த மூலச்செல்களை எடுத்து, ஃபேக்டர் எட்டு மரபணுவை அந்த வைரஸ் மூலம் உள்ளே செலுத்தி, கீமோதெரபிக்குப் பின் திரும்பச் செலுத்தினார்கள். உயிர் பறித்த எமன் தபால்காரன் ஆனான். மருந்துத் தொழிற்சாலை நோயாளியின் உடம்புக்குள்ளேயே வந்தது. சிகிச்சை பெற்ற 5 பேருக்கும், கண்காணித்த காலத்தில் ரத்தக்கசிவே இல்லை என்று 2024 டிசம்பரில் அறிவித்தார்கள்.

5 பேர் என்பது சிறிய எண்ணிக்கை; எல்லோருக்கும் கிடைக்க நாளாகும். அதுவரை ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பிள்ளைக்குக் காரணமில்லாமல் முட்டி வீங்கினால், சிறு காயத்திலும் ரத்தம் நிற்காவிட்டால், சம்பந்தம் பேசும்போது தடையாகுமே என்று மறைக்காதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். ஃபேக்டர் ஊசி அங்கே இலவசம்.

அன்புடன்,
உங்கள் சார்