வாவ், வாவி, நடவாவி

2018இல் வெளிவந்த நூறு ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் ஒரு கட்டடத்தின் படம் இருக்கிறது. தூண்களின் மேல் தூண்களாக அடுக்கடுக்காகத் தெரிவதால் மேல்நோக்கி எழும் மாளிகை என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பூமிக்குள் இறங்குகிறது. குஜராத்தின் பாட்டன் நகரிலுள்ள அந்தப் படிக்கிணற்றின் பெயர் 'ராணி கி வாவ்', அதாவது அரசியின் வாவ். இந்த 'வாவ்' தமிழருக்கு அந்நியமான சொல் இல்லை. நம் அகராதியில் 'வாவி' என்று இருப்பது இதன் உடன்பிறப்பு.

பாட்டனின் பழம்பெயர் அணஹிலவாடா. சோலங்கி மன்னர்களின் தலைநகரம் அது. சமண அறிஞர் ஹேமச்சந்திரர் இலக்கணம் எழுதிய ஊர். இன்று பட்டோலாப் பட்டுக்குப் பெயர்போன ஊர். முதலாம் பீமனின் அரசி உதயமதி, 11ஆம் நூற்றாண்டில் கணவன் நினைவாக இந்த வாவைக் கட்டினாள். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேருதுங்கர் எழுதிய 'பிரபந்த சிந்தாமணி' இதை அவள் பெயரோடு சொல்கிறது. பிறகு சரஸ்வதி ஆற்றின் வெள்ளம் கொண்டுவந்த வண்டல் கிணற்றை மூடிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொல்லியலாளர்கள் பர்ஜெஸும் கசின்ஸும் ஆய்வுக்கு வந்தபோது கண்டது ஒரு பெரும் பள்ளத்தைத்தான். 1980களில் இந்தியத் தொல்லியல் துறை மண்ணை முழுவதும் அகற்றியபோது ஏழு தளங்களும், திருமாலின் அவதாரங்களும், நூற்றுக்கணக்கான சிற்பங்களும் மழுங்காமல் வெளிவந்தன. மூடிய வண்டலே காவலாகவும் இருந்திருக்கிறது. 2014இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

கிழக்கே வாசல், மேற்குக் கடைசியில் வட்டமான கிணறு. நீளம் ஏறக்குறைய 64 மீட்டர், அகலம் 20 மீட்டர், ஆழம் 27 மீட்டர். இப்படி ஏன் இறங்கிப் போக வேண்டும்? வட குஜராத்தில் மழை சில மாதங்களோடு நின்றுவிடும். நிலத்தடி நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் பல அடி ஏறி இறங்கும். படிகள் இருந்தால் நீர் எந்த மட்டத்தில் நின்றாலும் குடத்தோடு அங்கே போய் மொண்டுவரலாம். மண்ணோ இளகிய வண்டல். அது இருபுறமும் சரியாமல் இருக்க, இரு சுவர்களுக்கும் இடையே தூண் மண்டபங்களால் முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நாம் வியந்து பார்க்கும் அந்த அடுக்குகள் முதலில் இந்தத் தேவைக்காக நின்றவை. அழகு அவற்றின்மேல் ஏறியது.

இனிச் சொல்லுக்கு வருவோம். மூலம் வடமொழி 'வாபீ'. 'வப்' என்னும் வேருக்கு விதைத்தல், தூவுதல் என்ற பொருளோடு மண்ணைக் குவித்தல் என்ற பொருளும் உண்டு. மண்ணைக் குவித்துக் கரைகட்டி நீரைத் தேக்கிய இடமே முதலில் வாபீயாக இருந்திருக்கலாம் என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. பிராகிருதத்தில் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும் பகரம் வகரமாகிவிடும். 'பாபம்' தமிழில் 'பாவம்' ஆனது போல, 'வாபீ'யும் 'வாவி' ஆயிற்று. குஜராத்தியில் கடைசி உயிர் தேய்ந்து 'வாவ்' மிஞ்சியது. இந்தியில் 'பாவ்டி', 'பாவோலி'. தெலுங்கிலும் கன்னடத்திலும் 'பாவி'. சிங்களத்தில் ஏரியைக் குறிக்கும் 'வெவ' என்பதும் இதே சொல்தான். 5ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னன் தாதுசேனன் கட்டிய 'கலா வெவ' பாலி நூல்களில் 'காலவாபி'.

ஒரே சொல் போன இடமெல்லாம் அந்தந்த மண்ணின் நீர்நிலையை ஏந்திக்கொண்டது. குஜராத்தில் படிக்கிணறு, ஆந்திரத்திலும் கருநாடகத்திலும் கிணறு, இலங்கையில் கரைகட்டிய பேரேரி. மட்டக்களப்புத் தமிழர் தங்கள் கடலேரியையே வாவி என்கிறார்கள். தமிழகத்து இலக்கியத்தில் அது பூப்பூக்கும் குளம். திருப்பாவையின் 14ஆம் பாசுரத்தில் ஆண்டாள் காட்டுவது வீட்டுக்குப் பின்னால் தோட்டத்திலிருக்கும் சிறு வாவி.

அப்படியென்றால் தமிழரிடம் படிக்கிணறு இல்லையா? இருந்தது, பெயர்தான் வேறு. திருச்சிக்கு அருகே திருவெள்ளறையில், பல்லவன் தந்திவர்மன் காலத்தில், ஏறத்தாழ 1200 ஆண்டுகளுக்கு முன் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் எடுப்பித்த கிணறு இன்றும் இருக்கிறது. நான்கு பக்கமும் படிகள் இறங்கி, ஒவ்வொன்றும் வளைந்து திரும்பி, சுவஸ்திகம் போல அமைந்திருக்கும். கல்வெட்டு அதை 'மார்ப்பிடுகு பெருங்கிணறு' என்கிறது. வாவி என்ற சொல் குளத்துக்குப் போய்விட, படிக்கிணறு கிணறாகவே நின்றது.

சொல்லும் பொருளும் மறுபடி ஒன்றுசேர்ந்த இடம் ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைத் தாண்டி ஐயங்கார்குளம். விசயநகர அரசர்களின் குருவாக இருந்த லட்சுமிகுமார தாத்தாசாரியார் வெட்டிய பெரிய குளத்தால் ஊருக்கு அந்தப் பெயர். அங்கே சஞ்சீவிராயர் கோயிலுக்கு அருகில் தோரண வாயில் ஒன்றின் வழியாகப் படிகள் பூமிக்குள் இறங்குகின்றன. கீழே தூண் மண்டபம்; மண்டபத்தின் நடுவே கிணறு. மக்கள் அதை 'நடவாவி' என்கிறார்கள். தெலுங்கில் படிக்கிணற்றுக்கு 'நடபாவி' என்று பெயர், நடந்து இறங்கும் கிணறு. விசயநகரக் காலத்தில் தெலுங்கு பேசிய அதிகாரிகளும் குருமார்களும் காஞ்சியில் நிறைந்திருந்ததை வைத்துப் பார்த்தால், சொல் அவர்களோடுதான் வந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு. வந்த இடத்தில் 'பாவி' மட்டும் பழைய 'வாவி'யாகத் திரும்பிவிட்டது. தமிழ்க் காது அதற்கு முன்பே அந்த ஒலியை அறிந்திருந்ததே காரணம்.

ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமியன்று காஞ்சி வரதராசப் பெருமாள் இங்கே எழுந்தருளுகிறார். அதற்காக நீரை இறைத்து, மூழ்கிக் கிடக்கும் மண்டபத்தை வெளிக்கொண்டு வருவார்கள். சுவாமி படியிறங்கிப் போய் மண்டபத்தில் அமர்ந்து, பிறகு பாலாற்றுக்குப் புறப்படுவார். வாவி என்ற சொல்லைப் படிப்பவர்களும் எழுதுபவர்களும் குறைந்துபோன நாட்டில், இந்தத் திருவிழா அந்தச் சொல்லைப் புழக்கத்தில் வைத்திருக்கிறது.

காஞ்சிக்குப் போகிறவர்கள் கைலாசநாதர், ஏகாம்பரநாதர், வரதர், பட்டுக்கடை என்று அன்றைக்கே திரும்பிவிடுகிறார்கள். அடுத்த முறை ஐயங்கார்குளத்துக்கும் ஒரு பொழுது ஒதுக்குங்கள். நீரை இறைத்த பிறகு, சித்திரையில் போனால் தூண்களை முழுதாகப் பார்க்கலாம். உடன் வரும் பிள்ளைகளிடம் வெறுமனே பழைய கிணறு என்று சொல்லாமல், நடவாவி என்று அதன் பெயரைச் சொல்லிக் காட்டுங்கள்.